செஞ்சியிடம் அசைவு படிப்போம்

எழுத்தையும் படத்தையும் திரையில் அசையவைக்கும் மோஷன் டிசைன், தமிழ்நாட்டில் பல்லாயிரம் கைகள் செய்யும் தொழிலாகிவிட்டது. கருவி வந்துவிட்டது, கையும் பழகிவிட்டது. நம் எழுத்தும் நம் காலகதியும் நம் இடமும் அதற்குள் எப்போது வரும்? உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய செஞ்சியை முன்வைத்து ஒரு பார்வை.

2025 ஜூலை 11. பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, மராத்தியர்களின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி.

இணையத்தில் செஞ்சி என்று தேடிப் பாருங்கள். ட்ரோன் கோட்டையின் ராஜகிரி மலையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். பொறி பறக்கத் தங்க எழுத்துகள் வந்து விழும். பின்னணியில் இடி முழங்கும். அடுத்த வீடியோவிலும் அதேதான். ராஜகிரியை எடுத்துவிட்டு வேலூர்க் கோட்டையை வைத்தாலும் அந்தத் தங்கமும் இடியும் மாறப்போவதில்லை. ஏனென்றால் அவை செஞ்சியைப் பார்த்துப் பிறந்தவை அல்ல. காசு கொடுத்தோ கொடுக்காமலோ இறக்கிக்கொள்ளும் டெம்ப்ளேட்டிலிருந்து வந்தவை.

இவற்றைச் செய்கிற இளைஞர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரவெல்லாம் கண் விழித்து, சூடேறிய கணினியில் ரெண்டர் முடியும்வரை காத்திருந்து, காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் உழைப்புக்கும் திறமைக்கும் பஞ்சமில்லை. தங்கள் ஊரிலேயே அசைவின் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அந்தப் பாடங்களைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

டீக்கடை டிக் முதல் சூப்பர் ஸ்டார் வரை

மோஷன் டிசைன் என்றதும் சினிமா கிராபிக்ஸ்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது நம் அன்றாடத்துக்குள் எப்போதோ வந்துவிட்டது. டீக்கடையில் க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறோம். திரையில் ஒரு வட்டம் விரிந்து, அதற்குள் ஒரு டிக் வந்து உட்காருகிறது. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நிம்மதி அந்த ஒரு விநாடி அசைவில் கிடைக்கிறது. வட்டம் எந்த வேகத்தில் விரிய வேண்டும், டிக் எந்த இடத்தில் வேகம் தணிந்து நிற்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து வடிவமைத்திருக்கிறார். தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் உயரும் பட்டைகள், புயல் கரையேறும் வரைபடம், படத்தின் பெயர் திரையில் தோன்றும் விதம், கூட்டத்து மேடையின் எல்.இ.டி. சுவர், கல்யாண அழைப்பு வீடியோ எல்லாம் இந்தத் தொழிலின் கிளைகள்தாம்.

செயலிகளில் இப்படிப்பட்ட சிறு அசைவுகளைச் சேர்க்க உலகெங்கும் பயன்படும் வடிவம் லாட்டி. ஏர்பிஎன்பி நிறுவனத்தார் 2017-இல் அதை வெளியிட்டார்கள். லாட்டே ரைனிகர் என்ற ஜெர்மானியப் பெண்ணின் நினைவாக வைத்த பெயர் அது. கறுப்புக் காகிதத்தைக் கத்தரித்து, மூட்டுக்கு மூட்டு இணைத்து, நிழலுருக்களை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி 1926-இல் இளவரசர் அகமதுவின் சாகசங்கள் என்ற முழுநீளப் படத்தை எடுத்தவர் அவர். நிழலுக்கு மூட்டு வைத்து ஆட்டும் கலை நமக்குப் புதிதில்லை. ஆட்டுத்தோலையும் மான்தோலையும் பதமாக்கி, துளையிட்டு, சாயமேற்றி, விளக்கொளியில் ராமாயணம் ஆட்டிய தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் மராத்தி பேசும் குடும்பத்தினர். மராத்தியர் தமிழகத்துக்கு வந்த காலத்தை ஒட்டி இங்கே குடியேறியவர்கள் என்று சொல்லப்படுகிறார்கள். செஞ்சியை உலகப் பட்டியலில் ஏற்றியதும் அதே மராத்தியத் தொடர்புதான்.

திரைப்படத் தலைப்பை ஒரு கலையாக்கியவர் என்று உலகம் சால் பாஸைக் கொண்டாடுகிறது. 1955-இல் வந்த தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம் படத்துக்காக வெள்ளைக் கோடுகளையும் வெட்டுப்பட்ட ஒரு கையையும் மட்டும் வைத்து அவர் செய்த தலைப்பு, அதற்குப்பின் வந்த எல்லோருக்கும் பாடமானது. தமிழில் அப்படி ஊருக்கே தெரிந்த தலைப்பு 1992-இல் வந்தது. சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய அண்ணாமலை படத்தில், தேவாவின் இசையோடு புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகி, எழுத்து ஒவ்வொன்றாக வந்து 'சூப்பர் ஸ்டார்' என்று நின்றது. தியேட்டரே எழுந்து நின்ற அசைவு அது. இன்றைக்கும் ரஜினி படத்தில் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

பிறகு ஓட்டம் வேகமெடுத்தது. கணினி ஓவியத்தையும் அசைவூட்டத்தையும் தமிழ்த் திரைக்குள் கொண்டுவர ஓவியர் டிராட்ஸ்கி மருது போன்றவர்கள் உழைத்தார்கள். ஆளவந்தான் 2001-இல் சண்டைக் காட்சியின் நடுவே அசைவோவியத்தை நுழைத்தது. எந்திரன் 2010-இல் வந்தது. நடிகரின் அசைவைப் பதிவு செய்து உருவாக்கிய கோச்சடையான் 2014-இல் வந்தது. இன்று மோஷன் போஸ்டர் இல்லாமல் ஒரு பெரிய படம் அறிமுகமாவது அரிது. தொழில்நுட்பத்தில் நாம் யாருக்கும் பின்னால் இல்லை.

ஆனால் தமிழர்கள் மிக விரும்பிய அந்தத் தலைப்பு அசைவில் ஒவ்வொன்றாக வந்து நின்றவை ஆங்கில எழுத்துகள். நம் எழுத்தை அப்படி ஒவ்வொன்றாக வரவைப்பது எளிதல்ல.

மூன்று எழுத்து, ஆறு துண்டு

'செஞ்சி' என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் செ, ஞ், சி என்று மூன்று எழுத்து சொல்லும். கணினியின் யூனிகோடு கணக்கில் அது ஆறு துண்டு. ச, ஒற்றைக் கொம்பு, ஞ, புள்ளி, ச, இகரக் குறி. எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு ஆவதுபோல் வர வேண்டும் என்று மென்பொருளில் ஓர் ஆயத்த அசைவைப் போட்டால், ஆறு துண்டும் தனித்தனியாகத் திரைக்கு வரப் பார்க்கும். முதலில் 'ச' வரும். அடுத்த நொடித்துளியில் அதன் இடப்பக்கம் கொம்பு முளைக்கும். கொம்புக்கு இடம்விட 'ச' வலப்பக்கம் தள்ளப்பட்டுக் குலுங்கும். பிறகு 'ஞ' என்ற முழு எழுத்து வந்து, அதன் தலையில் புள்ளி விழுந்து, 'ஞ்' ஆகும். நடுவில் சில ஃபிரேம்களுக்குத் திரையில் இருப்பது 'செஞ'. அப்படி ஒரு சொல் தமிழில் கிடையாது.

'கொ' போன்ற எழுத்தானால் பாடு இன்னும் அதிகம். கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், உடல் நடுவில். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் இந்த மூன்றும் மூன்று தனி எழுத்துகளாகவே கணினிக்குத் தெரிந்தன. எழுத்துகள் சிதறிப் பறந்து வந்து சேர்வது மாதிரி அசைவு கொடுத்தால், கொம்பு ஒரு மூலையிலிருந்தும் கால் வேறொரு மூலையிலிருந்தும் வரும். பழைய எழுத்துருக்களைச் சிற்றூர் எடிட்டிங் அறைகள் இன்னும் கைவிடவில்லை. அழைப்பிதழ் அச்சிடும் கடையிலிருந்து வரும் கோப்புகள் பலவும் அவற்றில்தான் வருகின்றன.

இதற்குத் தீர்வு உண்டு. தென்னாசிய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் எழுத்து இயந்திரம் அசைவூட்ட மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, துண்டுக்குத் துண்டு அசைக்காமல் எழுத்துக்கு எழுத்து அசைக்க வேண்டும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் எழுத்துக்கு ஆறு ஃபிரேம் என்று வைத்தால், 18 ஃபிரேமில் செ, செஞ், செஞ்சி என்று மூன்று நிலையில் ஊர்ப்பெயர் வந்து நிற்கும். கண்ணுக்கு இதம், வாசிப்புக்கும் சரி. பொறுமை உள்ளவர்கள் எழுத்தைக் கோட்டோவியமாக மாற்றி, கையால் எழுதும் வரிசையிலேயே கொம்பையும் சுழியையும் வரைய விடுகிறார்கள். தமிழ் எழுத்தின் அழகு அதன் சுழிப்பில் இருக்கிறது. நேர்கோட்டில் வெட்டிவரும் அசைவு அதற்குப் பொருந்தாது. வளைந்து வந்து, சுழியில் வேகம் தணிந்து, வெளியேறும்போது வேகமெடுப்பதுதான் பேனாவின் இயல்பு. அசைவின் நிலைகளைக் குறிக்கும் கீஃப்ரேமும் அந்த இயல்பைப் பின்பற்ற வேண்டும்.

செஞ்சியில் இருப்பவருக்கு இந்தப் பாடத்தை நேரில் படிக்க ஓர் இடம் இருக்கிறது. ஊரை ஒட்டிய சிறுகடம்பூரில் திருநாதர்குன்று. பாறை முகத்தில் இரண்டு வரிசையாக 24 சமணத் தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்துக்குரியது என்று எழுத்தியல் அறிஞர்கள் அதைப் போற்றுகிறார்கள். கோணம் மெல்ல மெல்ல வளைவாவதை அந்தப் பாறையில் பார்க்கலாம். நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட ஓர் உருமாற்றத்தின் நடு ஃபிரேம் அது. எழுத்து உருமாறும் ஓர் அசைவைச் செய்ய விரும்பும் வடிவமைப்பாளருக்கு இதைவிடச் சிறந்த மூலம் கிடைக்குமா?

பழைய கல்வெட்டுகள் பலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படவில்லை. ஆகவே ஒரு கல்வெட்டைத் திரையில் காட்டும்போது, முதலில் கல்லில் உள்ளபடியே காட்டிவிட்டு, பிறகு இன்றைய வாசகருக்காகப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து அமரும்படி செய்யலாம். அலங்காரமாக நின்றுவிடாமல் அந்த அசைவு படிக்கவும் சொல்லித்தரும்.

காலத்துக்கேற்ற எழுத்தும் முக்கியம். செஞ்சியை ஆண்ட தேசிங்காக எம்.ஜி.ஆர். நடித்த ராஜா தேசிங்கு 1960-இல் வந்தது. அந்தக் காலத் திரைகளில் ஓடிய பெயர்கள் பழைய ணை, லை வடிவங்களில் இருந்தன. 1978-இல் அந்த வடிவங்களை மாற்றிச் சீர்திருத்த எழுத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது முதலமைச்சராயிருந்த அதே எம்.ஜி.ஆரின் அரசு. அறுபதுகளைக் காட்டும் வீடியோவில் இன்றைய 'லை'யைப் போட்டால் ஒரு சாதாரண ரசிகருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று கண் கண்டுபிடித்துவிடும்.

திரைக்குப் பின்னால் வரும் துரியோதனன்

செஞ்சியிலிருந்து சிறிது தூரத்தில் மேலச்சேரி. வட தமிழகம் முழுவதும் பரவிய திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்க்கோயில் என்று மக்கள் நம்பும் கோயில் அங்கே இருக்கிறது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் இந்த வழிபாட்டை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1988-இல் தன் நூலின் முதல் பாகத்துக்கே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று துணைத்தலைப்பு வைத்தார். அம்மனுக்குக் காவலாக முத்தால் ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரரும் நிற்கும் மண் இது. திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து.

கூத்தில் ஒரு பெரிய வேஷம் எப்படி வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்கிறார்கள். முகவீணையும் மத்தளமும் தாளமும் ஏறுகின்றன. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரிகிறது. கீழே சலங்கை கட்டிய கால் தெரிகிறது. யார் வருகிறார் என்பதைப் பாட்டு சொல்கிறது. வேஷக்காரர் திரையின் ஓரத்தில் எட்டிப் பார்த்து மறைகிறார். கட்டியங்காரன் கேள்வி கேட்கிறான். கூட்டத்தின் பொறுமை உச்சத்துக்குப் போனபிறகுதான் திரை விலகுகிறது. புஜக்கட்டையும் கன்னக்கட்டையும் மின்ன துரியோதனன் களத்தில் சுழன்று வந்து நிற்கிறான்.

அசைவூட்டப் பள்ளிகளில் சொல்லித்தரும் அடிப்படைப் பாடங்கள் பல இதில் இருக்கின்றன. அசைவுக்கு முந்தைய ஆயத்தம் இருக்கிறது. முழுவதையும் காட்டாமல் ஒரு நுனியை மட்டும் காட்டும் உத்தி இருக்கிறது. வேகத்துக்குப் பிறகு உருவம் நிலைகொள்ளும் நேரம் இருக்கிறது. டிஸ்னியின் மூத்த அசைவோவியர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் பன்னிரண்டு விதிகளாக எழுதி வைத்தவற்றில் பலவற்றைக் கூத்து வாத்தியார்கள் எழுதாமலே கையாண்டிருக்கிறார்கள். இன்றைய தலைப்பு வீடியோக்களில் பெயர் இரண்டாவது விநாடியிலேயே முகத்தில் வந்து மோதுகிறது. வரப்போவது யார் என்று ஏங்கும் நேரத்தைப் பார்வையாளரிடமிருந்து பறித்துவிட்டால், வந்தபிறகு அவருக்கு அதில் என்ன மகிழ்ச்சி?

கூத்து கற்றுத்தரும் இன்னொரு பெரிய பாடம் படுகளம். பதினெட்டாம் போர் நாளன்று மண்ணால் பிரமாண்டமான துரியோதனன் உருவத்தைத் தரையில் படுக்கவைத்துச் செய்கிறார்கள். அதன்மேலும் அதைச் சுற்றியும் வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் மோதுகிறார்கள். முடிவில் திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். பெரியது அசையாமல் கிடக்க, சின்னது ஓடுகிறது. அதனால்தான் பெரியதன் பெருமை கண்ணில் நிற்கிறது. எல்லாமே அசைந்தால் எதன் அளவும் புரியாது.

நின்றிருப்பதே அசைவாகும் விந்தையைப் பார்க்க விழுப்புரம் பக்கம் பனமலைக்குப் போக வேண்டும். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில் ஒரு சுவரோவியம் மிச்சமிருக்கிறது. சிவனின் ஆட்டத்தைச் சாய்ந்து நின்று பார்க்கும் பார்வதி. ஒரு கால் மடங்கி, தலை சாய்ந்து, குடை நிழலில் நிற்கிறாள். ஆட்டத்தின் வேகம் பார்ப்பவளின் உடலில் தெரிகிறது. ஓர் அசைவைக் காட்ட அதைக் கண்டவர் முகத்தைக் காட்டினாலும் போதும் என்பதை அந்த ஓவியர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்.

மலை நிற்கட்டும், காலம் ஓடட்டும்

இப்போது கோட்டைக்கு வருவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. அவற்றை இணைத்து ஓடும் மதில். ராஜகிரியின் உச்சிக்கு அருகே பாறை பிளந்து கிடக்கிறது. பிளவின்மேல் உள்ள பாலத்தை எடுத்துவிட்டால் சிலபேரே ஒரு படையை மறித்துவிடலாம். இந்த இடத்தை ட்ரோனில் பறந்தபடி காட்டினால் கோட்டையின் பொருளே போய்விடுகிறது. ஏறுவது கடினம் என்பதற்காகவே கட்டிய ஓர் இடத்தில், ஏறாமலே மேலே போய்விடுகிறோம். தரையில் நிற்பவரின் கண்மட்டத்திலிருந்து படிப்படியாக ஏற்றிக்காட்டும் ஓர் அசைவுதான் இந்தக் கோட்டைக்கு உண்மையானது.

படுகளத்தின் பாடத்தை இங்கே வைத்துப் பார்க்கலாம். செஞ்சியில் அசையாதது மலை. அசைந்தது ஆட்சி. 1649-இல் பீஜாப்பூர் படை நாயக்கர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தது. 1677-இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புக, 1690 முதல் எட்டு ஆண்டு முற்றுகையிட்டு 1698-இல் முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் பிடித்தார். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துத் தேசிங்கு வீழ்ந்தான். 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். 112 ஆண்டில் ஆறு கைமாற்றம். மலையைச் சட்டகத்தின் நடுவில் அசையாமல் நிறுத்திவிட்டு, கொடிகளும் பாசறைகளும் நிழலும் மட்டும் மாறும்படி ஒரு வீடியோவை நினைத்துப் பாருங்கள். இடி தேவைப்படாது.

இரண்டு ஆண்டுக்கு ஒரு விநாடி என்று கணக்கு வைத்தால் அந்த 112 ஆண்டு 56 விநாடியில் ஓடிவிடும். சிவாஜி வருவது 14-ஆம் விநாடியில். எட்டாண்டு முற்றுகைக்கு நான்கு விநாடி. தந்தை சொரூப் சிங் இறந்தபிறகு தேசிங்கின் ஆட்சி ஓராண்டுக்கும் குறைவு. திரையில் அரை விநாடிகூட இல்லை. பன்னிரண்டு ஃபிரேம் இருந்தால் அதிகம். ஆனால் செஞ்சி என்றதும் தமிழன் வாயில் வருகிற பெயர் அதுதான். நாட்டுப்புறக் கதைப்பாடல் அந்தப் பன்னிரண்டு ஃபிரேமை எடுத்து, குதிரையை அடக்கிய வீரம், முஸ்லிம் நண்பனின் உயிர்த்துணை, இளம் மனைவியின் துயரம் என்று இரவு முழுக்கப் பாடும் கதையாக விரித்துவிட்டது. மக்களின் நினைவு, காலத்தை அளந்து ஓட்டுவதில்லை. வலிக்கும் இடத்தில் நிறுத்தி ஓட்டுகிறது. நல்ல மோஷன் டிசைனர் டைம்லைனில் செய்ய வேண்டியதும் அதுதான். எங்கே விரைவது, எங்கே நிற்பது என்ற முடிவில்தான் அவர் கலைஞராகிறார்.

கதைப்பாடலுக்கும் ஆவணத்துக்கும் வித்தியாசம் தெரியக் காட்டுவது ஒரு பொறுப்பு. சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மூலம் எழுதி வெளியிட்ட செஞ்சி வரலாறு ஆவண வழியில் நடக்கிறது. கதைப்பாடல் நம்பிக்கையின் வழியில் நடக்கிறது. இரண்டும் வேண்டும். ஒன்றுக்குத் தோல்பாவையின் வண்ணமும் நிழலும் கொடுக்கலாம். இன்னொன்றுக்கு வரைபடமும் கோடும் கொடுக்கலாம். எது வரலாறு, எது வழக்கு என்று தலைப்புப் போட்டுச் சொல்லாமலே பார்ப்பவருக்கு விளங்கும்.

இடிந்த கட்டடங்களைக் கணினியில் மீட்டெழுப்புவதற்கு உலகம் ஒழுக்கவிதிகளை வகுத்திருக்கிறது. 2006-இல் உருவான லண்டன் சாசனம் அவற்றில் முக்கியமானது. எது சான்றுள்ளது, எது ஊகம் என்று பார்வையாளர் அறியும்படி காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். செஞ்சியில் கல்யாண மகால் நிற்கிறது, களஞ்சியம் நிற்கிறது. அவற்றைக் கல்லின் நிறத்திலேயே காட்டலாம். அரண்மனை இருந்த இடத்தில் அடித்தளம்தான் மிஞ்சியிருக்கிறது. அதன்மேல் சுவர் எழுப்பிக் காட்டினால் வெறும் கோட்டில் காட்ட வேண்டும். தங்கக் கூரை போட்டுக் காட்டினால் பார்க்கும் பிள்ளை அதையே வரலாறு என்று நம்பிவிடும்.

பெயர் வராத கைகள்

இத்தனை யோசிக்க நேரம் வேண்டும், நேரத்துக்குக் கூலி வேண்டும். தொழிலின் நோய் அங்கேதான் இருக்கிறது.

செஞ்சியிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் புதுச்சேரி. லைஃப் ஆஃப் பை படத்தின் தொடக்கக் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. அந்தப் படத்துக்கு 2013 பிப்ரவரியில் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதில் வரும் புலியைக் கணினியில் படைத்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் அதே மாதம் திவாலானது. ஹைதராபாத்திலும் மும்பையிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. விழா மண்டபத்துக்கு வெளியே கலைஞர்கள் போராட்டம் நடத்தினார்கள். உள்ளே விருது வாங்க மேடையேறியவர் அந்த நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கும்போது இசையை எழுப்பி ஒலிவாங்கியை அடைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2025 பிப்ரவரியில், எம்.பி.சி., தி மில் போன்ற பெயர்பெற்ற கூடங்களை வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தது. பெங்களூருவில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். உலகத்தின் வேலை இந்தியக் கைகளுக்கு வருகிறது என்று பெருமைப்படும்போதே, அந்தக் கைகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிற்றூரில் நிலைமை வேறுவிதம். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், புதுமனை புகுவிழா, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. ஊர் எடிட்டிங் அறைக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. ஆனால் இன்று மாலை சொல்லி நாளைக் காலை கேட்பார்கள். எத்தனை கரெக்‌ஷன் என்று கணக்கே கிடையாது. அதனால் பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே டெம்ப்ளேட், ஒரே மினுமினுப்பு. ஒரு தாத்தாவின் அஞ்சலிக்குப் பூமழையும் மின்னலும் வேண்டாம். அவர் படம் மெல்ல நெருங்கி வந்து, பெயர் வந்து நின்று, பார்க்கிறவர் ஒரு மூச்சு விடும் நேரம் அசையாமல் இருந்தால் போதும். அந்த நிதானத்தைத் தர வடிவமைப்பாளருக்குத் தெரியும். அதற்கு அரைநாள் கொடுக்கத்தான் நமக்கு மனம் வரவில்லை.

செயற்கை நுண்ணறிவு இந்த நெருக்கடியை இன்னும் கூட்டியிருக்கிறது. 2023-இல் மார்வெலின் சீக்ரெட் இன்வேஷன் தொடருக்குத் தலைப்புக் காட்சியைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு செய்தபோது உலகெங்கும் கலைஞர்கள் கொதித்தார்கள். அதன்பிறகு சொல்லைக் கொடுத்தால் வீடியோ தரும் கருவிகள் வரிசையாக வந்துவிட்டன. அவற்றிடம் தமிழ்ப் பலகை கேட்டால், கொம்பும் காலும் கலங்கி, எழுத்து மாதிரி தெரிகிற ஏதோ ஒன்றை வரைந்து கொடுப்பதைப் பார்த்திருப்போம். நாளை அது சரியாகலாம். செஞ்சியில் எதை நிறுத்தி எதை ஓடவிட வேண்டும் என்ற முடிவு அப்போதும் ஒரு மனிதரிடம்தான் இருக்க வேண்டும். டெம்ப்ளேட்டை நிரப்புகிற வேலையை மட்டுமே கற்றவரின் இடத்தைக் கருவி எடுத்துக்கொள்ளும். எழுத்தும் கூத்தும் வரலாறும் கற்றவருக்கு அது எடுபிடியாக நிற்கும்.

இனி நம் வேலை

வழி இல்லாமல் இல்லை. 2022 ஒன்றிய பட்ஜெட்டில் அசைவூட்டம், காட்சி விளைவுகள், கணினி விளையாட்டு, காமிக்ஸ் துறைகளை வளர்க்கப் பணிக்குழு அறிவிக்கப்பட்டது. கர்நாடகம் அதற்குப் பத்தாண்டு முன்பே, 2012-இல், தனிக் கொள்கை வகுத்துவிட்டது. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சி நிறுவனத்தில் அசைவூட்டமும் காட்சி விளைவுகளும் பட்டப்படிப்பாகவே இருக்கின்றன. இந்தப் படிப்புகளில் மென்பொருள் பாடத்தோடு கல்வெட்டு எழுத்தும் தெருக்கூத்தும் பாடமாக வேண்டும். அதைச் சொல்லித்தரக் கூத்து வாத்தியாரையே பேராசிரியருக்குரிய மதிப்போடும் ஊதியத்தோடும் அழைக்க வேண்டும். திருவிழாவுக்கு மட்டும் அவரைக் கூப்பிட்டு மாலை போட்டது போதும்.

உலகப் பட்டியலில் ஏறியதால் செஞ்சிக்கு இனி வழிகாட்டிப் படங்களும் காட்சிக்கூடமும் கைப்பேசி வழிகாட்டிகளும் வரத்தான் போகின்றன. அந்த வேலையைக் குறைந்த விலை கேட்டவருக்கு மொத்தமாகக் கொடுத்துவிடக் கூடாது. தமிழ் எழுத்தை முழு எழுத்தாக அசைக்கத் தெரிந்தவர், ஊகத்தையும் சான்றையும் பிரித்துக் காட்டத் தெரிந்தவர், இந்த வட்டாரத்தின் கலைஞர்களைச் சேர்த்துக்கொள்பவர் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். மாவட்டத்து இளைஞர்கள் ஐந்தாறு பேராவது அந்த வேலையில் இருந்தே தொழில் கற்றுக்கொள்ள வேண்டும்.

வேலை கொடுக்கும் நாமும் நான்கு விஷயங்களை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளலாம். முன்பணம் எவ்வளவு, திருத்தம் எத்தனை, மூலக்கோப்பு யாருக்கு, செய்தவர் பெயர் எங்கே வரும். அழைப்பிதழில் அச்சகத்தின் பெயர் போடுகிற மாதிரி கல்யாண அழைப்பு வீடியோவின் கடைசியில் வடிவமைத்தவரின் பெயரும் வரட்டும். இளைய வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் ஷோரீலில் பிறர் டெம்ப்ளேட்டில் செய்த இருபது வேலையை அடுக்குவதைவிட, தாங்களே யோசித்துத் தங்கள் ஊரைப் பற்றிச் செய்த ஒரு நிமிட வேலையை முதலில் வைக்கட்டும். வெளிநாட்டுக் கூடம் ஒன்று வேலைக்கு ஆள் தேடும்போது அவர்களிடம் இல்லாத ஒன்றைத்தான் தேடும். திருநாதர்குன்றின் வளைவும் மேலச்சேரியின் திரைவரவும் அவர்களிடம் இல்லை.

செஞ்சிக் கோட்டைக்கு உலக மதிப்பு உண்டு என்று யுனெஸ்கோ எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தக் கோட்டையைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று யுனெஸ்கோ வந்து சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நம் வடிவமைப்பாளர்கள். அவர்களுக்கு உரிய நேரமும் கூலியும் பெயரும் கொடுத்துக் கேட்க வேண்டியவர்கள் நாம்.